மஞ்சள் கோடு வெள்ளையான இடம்

1

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வெளிநாடு போனவள் நான்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் படித்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில் தலைமையாசிரியரும் அப்படித்தான் பேசினாராம். தவறான தகவல். நான் டப்ளினுக்கு விமானம் ஏறுவதற்குப் பதினோரு ஆண்டு முன்பே என் அப்பா இலங்கைக்குப் போய்விட்டார். பாஸ்போர்ட் இல்லாமல், விசா இல்லாமல், லுங்கியோடு. தங்குமிடமும் சாப்பாடும் அந்த நாட்டு அரசாங்கத்தின் பொறுப்பு. முப்பத்தெட்டு நாள் கழித்து அவர்களே கொண்டுவந்தும் விட்டார்கள்.

அப்பா அதிராம்பட்டினத்தை ஒட்டிய ஒரு குப்பத்து மீனவர். கடலில் இருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டி இறால் பிடிக்கப் போய், இலங்கைக் கடற்படையிடம் மாட்டி, அங்கே சிறையில் இருந்தவர். எங்கள் கரையில் இதெல்லாம் பெரிய செய்தி இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ‘மாப்பிள்ளை துபாய்ல இருக்கார்’ என்று சொல்லும் அதே குரலில் ‘அவரு அந்தப் பக்கம் உள்ள இருக்காரு’ என்பார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், என் மடிக்கணினியில் நான்கு நாளாகத் திறந்தே கிடக்கும் ஒரு படிவம். ஆகஸ்ட் விடுமுறையில் நியாமோடு லண்டன் போவதாகத் திட்டம். நியாம் என்னோடு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஐரிஷ் பெண். அவளுக்கு விசா வேண்டாம். ஐந்து ஆண்டாக இங்கேயே இருந்தாலும் நான் இந்தியப் பாஸ்போர்ட்காரி. எனக்கு பிரிட்டிஷ் விசா வேண்டும். பெயரிலிருந்து அம்மாவின் பிறந்த ஊர் வரை எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறேன். அனுமதி இல்லாமல் எப்போதாவது பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைந்திருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு வட்டங்கள்.

‘ஆம்’ என்றால் விசாவை மறுக்கலாம். மறுத்தால் அந்த மறுப்பு, அடுத்த ஆண்டு நான் நிரப்பப்போகும் ஐரிஷ் குடியுரிமைப் படிவம் வரை கூடவே வரும். ‘இல்லை’ என்றால் பொய். படிவத்தில் பொய் எழுதக் கூடாது என்று என் அப்பாவுக்கு நான் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தது இந்த ஜனவரியில்தான்.

2

என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். நடந்ததைப் புரிந்துகொள்ள அது தேவைப்படும்.

வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்கு விடுமுறை என்பது ஊரைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குவதில்லை. விசாப் பட்டியலைத் திறப்பதில் தொடங்குகிறது. எந்த நாட்டுக்கு முன்கூட்டியே விசா, எந்த நாட்டில் இறங்கிய இடத்திலேயே தருவார்கள், எந்த விமான நிலையத்தில் விமானம் மாறக்கூட விசா கேட்பார்கள், பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுமா, எத்தனை பக்கம் காலியாக இருக்கிறது. நியாம் வெள்ளிக்கிழமை மதியம் ‘நாளைக்கு லிஸ்பனுக்குப் போறேன்’ என்பாள், குடை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது மாதிரி. நான் லிஸ்பன் போன கதையில் லிஸ்பன் இரண்டு நாள். காகிதம் ஏழு வாரம்.

அந்த ஏழு வாரத்தில் நான் தேர்ந்துவிட்டேன். எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்னால் என் கதவைத் தட்டுவார்கள். ‘வளர்மதி, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்.’ விதிகளை அச்செடுத்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் மை தீட்டிக் கொடுப்பேன். தொழிற்சாலையிலும் எனக்கு அதுதான் வேலை. ஒரு மருந்துத் தொகுதியின் ஆவணங்களை வரி வரியாகச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது. கைநாட்டு வைத்தவர்களின் வீட்டிலிருந்து வந்தவள் கையெழுத்துப் போட்டால்தான் இங்கே மருந்து வெளியே போகும். இதை நினைத்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டதும் உண்டு.

3

என் முதல் அலுவலகக் கடிதத்தை எழுதியபோது எனக்குப் பதின்மூன்று வயது.

அப்பா பிடிபட்ட செய்தி வந்த மறுநாள், படகின் உரிமையாளர் ஹாஜியார் வீட்டுக்கு அம்மா என்னை அழைத்துப் போனாள். கலெக்டருக்கு மனு கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் பிழை இல்லாமல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஹாஜியார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கோடு போட்ட முழுத்தாளில் எழுதினேன்.

“எழுது புள்ள. இயந்திரக் கோளாறு காரணமாக, படகானது காற்றின் போக்கில் இழுத்துச் செல்லப்பட்டு, எல்லை தெரியாமல்...”

“எஞ்சின் கெட்டுப்போச்சா மாமா?” என்று கேட்டேன்.

“கெட்டுப்போச்சுன்னு எழுது.”

“நெசமாவே கெட்டுப்போச்சா?”

ஹாஜியார் அம்மாவைப் பார்த்தார். “ஏம்மா, ஒம் மவள கலெக்டராவே ஆக்கிடு. கேள்வியெல்லாம் இப்பவே கேக்குது.” பிறகு என்னிடம், “எல்லாரும் இப்படித்தாம்மா எழுதுவாங்க. வேற மாதிரி எழுதுனா அங்க இருக்குற பெரியவங்களுக்குப் படிக்கப் பழக்கமில்ல.”

எழுதினேன். கடைசியில் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று போட்டு, அம்மாவின் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தேன். பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் போய்ப் பொதுமக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். மனுவை வாங்கிய அலுவலர், “யாரு எழுதினது? கையெழுத்து முத்து முத்தா இருக்கே” என்றார். அப்பா சிறையில் இருக்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்கக் கூடாது. வந்தது.

அலுவலகம் முத்திரை குத்திக் கொடுத்த நகலை அம்மா லேமினேட் செய்து வைத்துக்கொண்டாள். அப்பா அந்தத் தாளால்தான் விடுதலையானார் என்று அவள் இன்றும் நம்புகிறாள். அவரோடு சேர்த்துப் பதினாறு பேர் விடுதலையானார்கள். மற்றப் பதினைந்து பேருக்கும் மனு எழுதப்பட்டிருந்தது. பதினாறு மனுவிலும் எஞ்சின் கெட்டுப்போயிருந்தது.

4

இந்த ஆண்டு ஜனவரியில் அம்மா அப்பாவை மூன்று வாரம் இங்கே அழைத்து வைத்துக்கொள்ள முடிவு செய்தேன். விதிகளை அச்செடுத்தேன். மஞ்சள் மை தீட்டினேன். கோப்பு ஒரு ஜாண் உயரம் வந்தது.

அப்பாவின் படிவத்தில் ஒரு கேள்வி: எந்த நாட்டிலிருந்தாவது நீங்கள் வெளியேற்றப்பட்டதுண்டா?

வீடியோ அழைப்பில் கேட்டேன். அப்பா வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டே, “வெளியேத்துனாங்களா? கப்பல்ல ஏத்தி, பாதிக் கடல்ல நம்ம கோஸ்ட்கார்டு கப்பலுக்கு மாத்திவிட்டாங்க. டீ கூடக் குடுத்தாங்க” என்றார்.

“அதுக்குப் பேருதான்பா அது.”

“அப்ப இல்லன்னு போடு. அயர்லாந்துக்காரனுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியுதோ இல்லையோ, பொய் எழுதக் கூடாதுப்பா.”

“எதைப் பொய்ங்குற? அப்ப நீ எழுதுன மனுவுல என்ன இருந்துச்சு?”

அங்கேதான் என் ஒரு மணி நேரப் பாடம் தொடங்கியது. அப்போது நான் குழந்தை, சொன்னதை எழுதினேன். இப்போது நான் படித்தவள். பொய் எழுதியதைக் கண்டுபிடித்தால் பல ஆண்டு நுழைய முடியாது. உண்மையை எழுதி விளக்கம் கொடுத்தால் மதிப்பார்கள். என் வேலையே இதுதான். எல்லாம் சொன்னேன். கடைசியில் கேட்டேன்: “நெசமா சொல்லுங்கப்பா. தெரிஞ்சுதான போனீங்க?”

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். “கோடு இருக்குன்னும் தெரியும். எங்க இருக்குன்னும் தெரியும். இறால் எங்க இருக்குன்னும் தெரியும் பாப்பா.”

பின்னாலிருந்து அம்மாவின் குரல்: “அவ சொல்றபடி போடுங்க. படிச்ச புள்ள சொல்றா.”

‘ஆம்’ என்று போட்டேன். விளக்கக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். தெரிந்தே போனார், பிழைப்புக்காகப் போனார், பிறகு போகவில்லை. அப்பா அதன் கீழே பெருவிரல் வைத்தார்.

5

கடிதத்துக்கு ஆதாரம் வேண்டும். விடுதலைக் காகிதத்தைச் சிறை வாசலிலேயே யாரோ வாங்கி வைத்துக்கொண்டார்களாம். வீட்டில் இருந்த ஒரே அரசாங்க முத்திரை, அம்மாவின் லேமினேட் செய்த மனு. தமிழில் இருப்பதால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தர வேண்டும். விண்ணப்பதாரரின் உறவினர் பெயர்த்தால் அதற்கு மதிப்பிருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். நானே எழுதிய தாளை நானே பெயர்க்கக் கூடாது. சரி என்று கும்பகோணத்தில் பத்திரங்களை மொழிபெயர்க்கும் ஒருவரிடம் இருவரையும் அனுப்பினேன். ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர். கழுத்தில் மஃப்ளரோடு அவர் வேலையின் பாதியிலேயே எனக்கு வீடியோவில் வந்துவிட்டார்.

“ஏம்மா, இந்த மனுவுல காத்து இழுத்துட்டுப் போச்சுன்னு இருக்கு. உன் கடிதத்துல தெரிஞ்சே போனார்னு இருக்கு. ரெண்டையும் ஒரே உறையிலயா வெக்கப்போற?”

“ஆமா சார்.”

“மனுவை எழுதினவங்க பொய் சொல்லியிருக்காங்கன்னு ஆகுமே?”

“ஆகட்டும் சார்.”

“யாரு எழுதினது?”

அம்மா அவருக்குப் பக்கத்திலிருந்து, “அவதான் சார். பதிமூணு வயசுல” என்றாள். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளை மறுபடி பார்த்தார். “நல்ல கையெழுத்து” என்றார்.

விசா வந்தது. இருவருக்கும். அதோடு, விசாவின் அடியில் நான்கு எழுத்துக் குறிப்பு ஒன்றும் இருந்தது. அது இருந்தால் அயர்லாந்துக்கு வந்த பிறகு தனி விசா இல்லாமல் பிரிட்டிஷ் பகுதிக்கும் போய் வரலாம். இந்தியாவிலிருந்து சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கான ஏற்பாடு. நான் அந்தக் குறிப்பைப் பெரிதாக்கிப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். உண்மைக்குக் கிடைத்த பரிசு என்று நியாமிடம் சொன்னேன். அதிகாரிக்கு அன்று வேறு வேலை இருந்திருக்கலாம் என்றாள் நியாம். ஐரிஷ்காரர்களுக்குப் பெருமைப்படத் தெரியாது.

6

ஜூனில் வந்தார்கள். அம்மா புடவைக்கு மேல் என் குளிர்ச்சட்டை, காலில் காலுறையும் செருப்பும். இரண்டாம் வாரம் வடக்கே கடலோரம் அறுகோணக் கற்கள் அடுக்கடுக்காக நிற்கும் இடத்துக்குச் சுற்றுலாப் பேருந்தில் கிளம்பினோம். அது வட அயர்லாந்தில் இருக்கிறது. வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. அதற்காகத்தானே அந்த நான்கு எழுத்து.

நடுவில் எல்லை இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் சன்னலோரம் உட்கார்ந்து அதைத் தேடிக்கொண்டே வந்தார். வாசல் இல்லை, சாவடி இல்லை, கம்பி இல்லை. மாடுகள் மட்டும் இருந்தன.

“எங்கம்மா கோடு?”

“கண்ணுக்குத் தெரியாதுப்பா.”

“நம்ம ஊரு மாதிரியேதான் போலருக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “தாண்டிட்டோம்” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“ரோட்டு ஓரத்துல கோடு மஞ்சளா வந்துச்சு. இப்ப வெள்ளையா இருக்கு பாரு.”

இந்தச் சாலையை நான் இணையத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த நிறம் என் கண்ணில் பட்டதே இல்லை. அதே நேரத்தில் என் கைப்பேசி ஒலித்தது. பிரிட்டனுக்கு நல்வரவு, இனி இந்தக் கட்டணம் என்று தொலைபேசி நிறுவனத்தின் செய்தி.

“எங்க போட்டுல ஜி.பி.எஸ்ஸும் இப்படித்தான் கத்தும்” என்றார் அப்பா.

“கத்தினா என்ன செய்வீங்க?”

“சத்தத்தக் கொறச்சு வெப்போம்.”

சிரித்தேன். பெருமை தாங்காமல், கோப்பை எடுத்து அவருடைய விசா விதியை வாசித்துக் காட்டினேன். “பாருங்கப்பா, இப்ப நீங்க சட்டப்படி உள்ள வந்திருக்கீங்க. யாரும் ஒண்ணும் கேக்க முடியாது.” மஞ்சள் மை தீட்டிய பத்தி அது. அதற்குக் கீழே மை தீட்டாத ஒரு பத்தி இருந்தது. இருவருடைய விசாவுக்காக எடுத்த தாள் அது; எனக்கு என் வசிப்பு அட்டையே போதும் என்ற நினைப்பில் அந்தப் பத்தியைப் படித்ததே இல்லை. இப்போது கண் தானாகவே கீழே இறங்கியது.

அயர்லாந்தில் வசிப்பு அனுமதி பெற்றுத் தங்கியிருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. விசா தேவைப்படும் நாட்டினர் என்றால், அவர்கள் தனியே பிரிட்டிஷ் விசா பெற்றிருக்க வேண்டும்.

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை விரல் வைத்துப் படித்தேன். சுற்றுலா வந்த அம்மாவும், இலங்கையிலிருந்து வெளியேற்றப்பட்ட அப்பாவும் அந்தப் பேருந்தில் முறையாக இருந்தார்கள். ஐந்து ஆண்டு வரி கட்டி வாழ்கிற, அடுக்குமாடிக்கே விசா பார்த்துச் சொல்கிற நான், அனுமதி இல்லாமல் எல்லை தாண்டியிருந்தேன்.

தேநீருக்காகப் பேருந்து ஓர் ஊரில் நின்றது. எதிர்ப்பக்கம் டப்ளின் போகும் பேருந்தின் நிறுத்தம். இறங்கித் திரும்பிவிடலாம். அம்மா அலுமினியத் தாளைப் பிரித்துப் புளிச்சோற்றை மூன்று பங்காக வைத்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் தெரியாத இருவரை நடுவழியில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு காரணம்தான். இன்னொன்று, ஏன் இறங்குகிறேன் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

கைப்பேசி மறுபடி ஒலித்தது. ஒலியை நிறுத்தி வைத்தேன்.

கற்களின் மேல் நின்று அப்பா கடலைப் பார்த்தார். தொலைவில் நீலமாக ஒரு கரை. “அது எந்த ஊரு?”

“ஸ்காட்லாந்து.”

“கோடியக்கரைக்கும் இலங்கைக்கும் உள்ள தூரம்கூட இருக்காது போலருக்கே. மீனு எந்தப் பக்கம் ஜாஸ்தி?”

“தெரியலப்பா.”

“ஏன் பாப்பா ஒரு மாதிரி இருக்க?”

“காத்து ஜாஸ்தியா இருக்குப்பா” என்றேன்.

திரும்பும் வழியில் கோடு மறுபடி மஞ்சளான பிறகு பேருந்தை நிறுத்தினார்கள். இரண்டு ஐரிஷ் அதிகாரிகள் ஏறி ஒவ்வொருவரிடமும் காகிதம் கேட்டார்கள். அப்பாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டி, விசாவைப் பார்த்து, விடுமுறை நன்றாகப் போகிறதா என்று விசாரித்தார் ஒருவர். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். என் வசிப்பு அட்டையை அதே அதிகாரி கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் இந்த நாட்டுக்குள் வர அந்த அட்டை போதும். நான் எங்கே போயிருந்தேன் என்று அவர் கேட்கவில்லை.

அம்மா என் கையைத் தொட்டாள். “என்னடி இப்படி வேர்க்குது? குளிருதுன்னு சொன்ன ஊருல?”

7

நான்கு நாளாக இந்தப் படிவத்தை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறேன். ‘இல்லை’ என்று அழுத்தினால் யாருக்கும் தெரியாது. பேருந்தில் யாரும் பெயர் எழுதிக்கொள்ளவில்லை. முத்திரை குத்தவில்லை. என் வேலையில் ஒரு விதி உண்டு: தாளில் பதியாத எதுவும் நடந்ததாக ஆகாது. முதல் முறையாக அந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தெரியாமல் நுழைந்தேன் என்று எழுதலாம் என்றும் யோசித்தேன். பாதி உண்மை. இன்னும் சரியாகச் சொன்னால், கோடு வெள்ளையான இடத்திலிருந்து நான் அந்தப் பத்தியைப் படித்து முடிக்கும் வரை சில நிமிடம் உண்மை. மிச்சம் ஏழு மணி நேரம் எனக்குக் கோடு எங்கே என்று தெரியும்.

நேற்று ஊருக்குப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று பார்த்தால், அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு வெடித்துச் சிரித்து, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார்.

“ஏய், இங்க வா. ஒம் மவளும் எல்ல தாண்டிட்டா!”

“சிரிக்காதீங்கப்பா. இப்ப என்ன எழுதுறதுன்னு தெரியல.”

“இதுல என்ன இருக்கு? எழுதிக்க. இயந்திரக் கோளாறு காரணமாக, பஸ்ஸானது காற்றின் போக்கில்...” மறுபடி இருமல்.

அம்மா கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள். “என்ன போடணும் அதுல?”

“ஆமாவா இல்லையான்னு போடணும்மா. ஆமான்னு போட்டா லண்டன் போக முடியாமப் போகலாம். இங்க குடியுரிமை கேக்கும்போதும் இடிக்கலாம்.”

“ஒங்கப்பாருக்கு என்ன போட்ட?”

“ஆமான்னு.”

“அவரு வேணாம் வேணாம்னாரு. நீதான் ஒத்தக்கால்ல நின்ன. அவருக்கு ஒரு பதிலு, ஒனக்கு ஒரு பதிலா?” என்றாள் அம்மா. பிறகு, “லண்டனுல அப்படி என்னதான் இருக்கு?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா. நியாம் பாத்திருக்கா.”

“அப்ப அவளயே மறுபடி பாத்துட்டு வந்து சொல்லச் சொல்லு.”

அப்பா மறுபடி கைப்பேசியை வாங்கினார். இந்த முறை சிரிக்கவில்லை. “சாட்சி கேட்டாங்கன்னா என் பேரப் போடு பாப்பா. கோடு மாறுன எடத்த நான் பாத்தேன். கைநாட்டு வெச்சுத் தரேன்.”

இன்று காலை ‘ஆம்’ என்ற வட்டத்தை அழுத்தினேன். உடனே கீழே விளக்கத்துக்கு ஒரு கட்டம் திறந்தது. இத்தனை எழுத்துக்கு மேல் ஏற்காது என்று அதன் ஓரத்தில் ஓர் எண் குறைந்துகொண்டே வந்தது. பெற்றோரின் விசாவைச் சரிபார்த்தேன், என்னுடையதைச் சரிபார்க்கவில்லை என்று எழுதினேன். பேருந்துக்குள் தெரிந்துகொண்டேன், இறங்க இடம் இருந்தும் இறங்கவில்லை என்று எழுதினேன். ‘இறங்க இடம் இருந்தும்’ என்பதை ஒரு முறை அழித்தேன். மறுபடி எழுதினேன்.

முடிக்கும்போது மூன்று எழுத்துக்கு இடம் மிச்சம் இருந்தது. பதின்மூன்று வயதில் எழுதிய மனுவில் எஞ்சினைக் கெடுத்து, காற்றை வரவழைத்து, அப்பாவை ஒன்றும் தெரியாதவராக்கி, அதன் கீழே ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முத்து முத்தாக எழுத நிறைய இடம் இருந்தது. இங்கே அது கொள்ளவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.